தும்மல் போட்ட பெண் எங்கே போனாள்?

உங்கள் வீட்டில் 14 வயதில் ஒரு பெண்ணோ பையனோ இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் அக்காளின் பெண் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த அன்று மாலையே கூடத்துச் சோபாவின் ஒரு மூலையைத் தன் பேருக்குப் பட்டா எழுதிக்கொண்டவள் போல் உட்கார்ந்துவிட்டாள். கையில் டாப்லெட், காதில் ஹெட்போன். ஜப்பான்காரர்களின் சித்திரப் படத் தொடர் பார்க்கிறாளாம். "அனிமே" என்று அதற்குப் பெயர். அந்தப் படங்களில் பல முதலில் "மங்கா" என்னும் சித்திரக் கதைகளாகப் பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தவை. ஆகவே, வாராவாரம் "அடுத்த இதழில்" என்று போட்டு உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் எங்கள் ஜாதிக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். குழந்தை முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தி, லாஞ்ச் எங்கே போனாள்?"

"லஞ்சா? இப்பத்தானேடி ரசம் சாதம் சாப்பிட்டே!" என்றாள் அம்மா.

அம்மா அறியாமல் சொன்ன அந்தப் பதில் எவ்வளவு பொருத்தமானது என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது "டிராகன் பால்" என்ற தொடர். அகிரா டோரியாமா எழுதி வரைந்தது. 1984-இல் தொடங்கி 1995 வரை ஒரு வாரப் பத்திரிகையில் 519 அத்தியாயங்கள் வந்தது. டோரியாமாவுக்குப் பாத்திரங்களுக்குச் சாப்பாட்டுப் பெயர் வைப்பதில் ஒரு தனி ஆசை. கதாநாயகனுடைய மகன் பெயர் கோஹான். ஜப்பானிய மொழியில் அதற்குச் சாதம் என்று அர்த்தம். ஊலாங் என்று ஒரு பன்றி. அது ஒரு வகைத் தேயிலை. இந்த வரிசையில் "ரான்ச்சி" என்று ஒரு பெண். ஆங்கிலத்தில் "லஞ்ச்" என்கிறோமே, அந்தப் பகல் சாப்பாடுதான் ஜப்பானியர் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கு வரும்போது அவள் "லாஞ்ச்" ஆகிவிட்டாள்.

வெகு வேடிக்கையான பெண். நீலக் கூந்தலோடு இருக்கும்போது பரம சாது. சமைப்பாள், பெருக்குவாள், எல்லாரையும் அன்பாய் விசாரிப்பாள். ஒரு தும்மல் போட்டால் தீர்ந்தது! கூந்தல் பொன்னிறமாகிவிடும், எங்கிருந்தோ துப்பாக்கி கைக்கு வந்துவிடும், எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் சுட ஆரம்பித்துவிடுவாள். மறுபடி தும்மினால் மறுபடி சாது. (நம் வீடுகளில் மாதக் கடைசியில் தும்மாமலேயே இந்த அற்புதம் நடப்பதுண்டு.) பொன்னிற லாஞ்ச், முக்கண்ணனான ஒரு வீரனிடம் மனசைப் பறிகொடுக்கிறாள். அவனைத் தேடிக்கொண்டு புறப்பட்டுப் போகிறாள். போனவள் போனவள்தான். பிறகு கதை நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஓடுகிறது, கிரகங்கள் வெடிக்கின்றன, செத்தவர்கள் பிழைத்து வருகிறார்கள், அவளை மட்டும் காணோம். டெலிவிஷன் தொடரில், கடைசிப் பெரிய சண்டையின்போது உலகத்து ஜனங்களெல்லாம் கதாநாயகனுக்குத் தங்கள் சக்தியை அனுப்புகிற இடத்தில், ஒரு கணம் அவள் முகம் வந்துபோகிறது. அவ்வளவுதான்.

இதற்கு என்ன காரணம்? டோரியாமா பிற்பாடு ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவளை மறந்துவிட்டாராம்!

அதாவது, மனுஷர் பகல் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைக்கு வரவில்லை. "மறந்துட்டேன்னு சொன்னா ஆச்சா? அவ சமைச்சுப் போட்டுத்தானே அத்தனை பேரும் சாப்பிட்டா?" என்றாள். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்துக்கொண்டிருந்தது.

நான் வாயடைத்துப் போனேன். ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில், அந்த டோரியாமாவுக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்க எனக்கு அனுமதி கொடுங்கள். எங்கள் தொழிலாயிற்றே!

அவர் எழுதிய பத்திரிகைக்கு "வீக்லி ஷோனென் ஜம்ப்" என்று பெயர். 1995-இன் ஆரம்பத்தில் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சான பத்திரிகை அது. நானும் ஒரு பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறவள்; அந்த எண்ணை முதல் முறை படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இதழோடு ஒரு தபால் கார்டு வரும். இந்த இதழில் உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகள் எவை என்று வாசகர்கள் எழுதி அனுப்பவேண்டும். கார்டு குறைந்த கதைக்கு ஆயுசும் குறைவு. புதுக் கதை பத்து வாரத்துக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால், கதாநாயகன் நட்ட நடு ரோட்டில் நின்றாலும் சரி, "முற்றும்" போட்டுவிடுவார்கள். இப்படி நின்றுபோன கதைகளில் அப்பனைத் தேடிப் போன பிள்ளைகளும், சபதம் செய்த பெண்களும் எத்தனை பேர் அந்தரத்தில் தொங்குகிறார்களோ, யார் கண்டார்கள்?

பிழைத்த கதைகளின் பாடும் லேசானதல்ல. டோரியாமா வாரத்துக்குச் சுமார் 15 பக்கம் வரையவேண்டும். பத்தரை வருஷம் வரைந்தார். கதாநாயகன் மகா சக்தி பெறும்போது அவன் கறுப்பு மயிர் பொன்னிறமாகிறதே, உலகமெல்லாம் கொண்டாடுகிற காட்சி, அதன் ரகசியம் என்ன தெரியுமா? மையிட்டுக் கறுப்பாக நிரப்புகிற வேலை உதவியாளருக்கு மிச்சமாகுமே என்பதுதான் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கதையை முன்கூட்டித் திட்டம் போடுகிற வழக்கமும் அவருக்கு இல்லை. எதிர்காலத்திலிருந்து ஒரு வாலிபன் வந்து, இரண்டு பயங்கர எதிரிகள் வரப்போகிறார்கள் என்று எச்சரிக்கிறான். எதிரிகளும் வருகிறார்கள். ஒருவர் கிழவர், ஒருவர் குண்டர். அவருடைய பழைய பத்திரிகாசிரியர் டெலிபோன் பண்ணி, "இதென்னய்யா, ஒரு கிழமும் ஒரு குண்டுமா?" என்கிற மாதிரி கேட்டுவிட்டார். உடனே கிழமும் குண்டும் தள்ளுபடி. நிஜ எதிரிகள் இவர்கள் அல்ல என்று ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். "இதுகள் சிறுசுகளாயிருக்கே!" என்று அடுத்த குறை. அப்புறம் செல் என்ற ராட்சசன் வந்தான். அவன் அழகாயில்லை என்று அதற்கும் ஒரு புகார்! வாசகர்களோ, ஆகா என்ன சாமர்த்தியமான திருப்பம் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். இப்படி டெலிபோன் மணி அடிக்க அடிக்க வளர்ந்த கதையில், சமையற்கட்டிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பெண் நினைவிலிருந்து நழுவியது பெரிய ஆச்சரியமா?

இதையெல்லாம் குழந்தைக்கு எடுத்துச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. "ஓடா மட்டும் மறக்கலையே!" என்றாள்.

அவள் சொன்ன ஐய்ச்சிரோ ஓடா, அதே பத்திரிகையில் 1997-இல் "ஒன் பீஸ்" என்ற கடற்கொள்ளைக்காரர் கதையை ஆரம்பித்தவர். அதில் ஒரு திமிங்கலம் வருகிறது. லபூன் என்று பெயர். அது குட்டியாயிருந்தபோது சிநேகமான மாலுமிகள், "உலகத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடுகிறோம்; இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 50 வருஷமாயிற்று. வரவில்லை. பைத்தியக்காரத் திமிங்கலம் பெரிய மலைச் சுவரில் மண்டையை மோதி மோதிக் கொண்டு, தலையெல்லாம் தழும்போடு காத்திருக்கிறது. கதாநாயகன் வந்து அதனோடு சண்டை போட்டு, "நான் திரும்பி வந்து உன்னோடு மறுபடி சண்டை போடுவேன், அதுவரை தலையை உடைத்துக்கொள்ளாதே" என்று சொல்லி, அதன் மண்டையில் தன் கொடிச் சின்னத்தைப் பெயிண்டால் வரைந்துவிட்டுப் போகிறான். இது 1999-இல் வந்தது. வாசகர்கள் ரசித்துவிட்டு மறந்தார்கள். சுமார் எட்டு வருஷம் கழித்து, மூடுபனியில் அலையும் ஒரு பாழடைந்த கப்பலில் ஓர் எலும்புக்கூடு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறது. ஹாஸ்யமான எலும்புக்கூடு. அது யார் என்றால், அந்தப் பழைய மாலுமிகளில் மிச்சமிருக்கும் ஒரே ஆள்! எலும்பானாலும் லபூனுக்குக் கொடுத்த வாக்கை மறக்காத ஆள்.

இதைச் சொல்லும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "பாட்டி, அந்தத் திமிங்கலம் இன்னும் காத்துண்டிருக்கு, தெரியுமா?" என்றாள்.

அம்மா அரிசியை அப்படியே விட்டுவிட்டு, "ஐயோ பாவம்! யாராவது போய் அதுகிட்ட விஷயத்தைச் சொல்லப்படாதா?" என்று அங்கலாய்த்தாள்.

எனக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி நாளில் ஹாஸ்டலில் என் அறைத் தோழியும் நானும் பழைய புத்தகக் கடையிலிருந்து ஆங்கில மங்காப் புத்தகங்கள் வாங்கி வருவோம். அதில் எங்கள் இருவர் பிராணனையும் வாங்கியது "நானா". ஆய் யாசாவா என்ற பெண்மணி எழுதியது. பெண்களுக்கான "குக்கி" என்ற பத்திரிகையில் 2000-த்திலிருந்து வந்தது. நானா என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு 20 வயதுப் பெண்கள், டோக்கியோ போகிற ரயிலில் பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் உட்காருகிறார்கள். ஒருத்தி காதலனை நம்பிப் போகிறவள். மற்றவள் பாட்டை நம்பிப் போகிறவள். 707-ஆம் எண்ணுள்ள பழைய வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். (ஜப்பானிய மொழியில் நானா என்றாலும் ஏழுதான்.) முதல்வள் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்கிறவளாகையால், தோழி அவளை "ஹாச்சி" என்று கூப்பிடுகிறாள். இறந்துபோன எஜமானுக்காக ஷிபுயா ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்காகக் காத்திருந்த ஹாச்சிகோ என்ற நாயை அந்த ஊரில் அறியாதவர் கிடையாது.

இந்தக் கதையின் விசேஷம் என்னவென்றால், ஹாச்சி இதைப் பல வருஷம் கழித்து நினைத்துப் பார்த்துச் சொல்கிறாள். பாடகி நானா எங்கேயோ போய்விட்டாள். ஹாச்சி அவளுக்காக அந்த 707-ஐ விடாமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஏன் போனாள், திரும்பினாளா என்று அறிய நாங்கள் 21 தொகுதிகள் படித்தோம். காதலன் கார் விபத்தில் மாண்டு, நானா உடைந்துபோய் நிற்கிற கட்டம். 2009 ஜூனில் ஆசிரியைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கதை நின்றது.

"முடிவு என்றைக்கு வந்தாலும், யார் முதலில் படித்தாலும் மற்றவளுக்குப் போன் செய்யவேண்டும்" என்று தோழியும் நானும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பரீட்சை முடிந்தது, கல்யாணங்கள் நடந்தன. அவள் நம்பர் இரண்டு தடவை மாறியது, என்னுடையதும் மாறியது. இப்போது முடிவு வந்தால் எந்த நம்பரில் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடம்பு சரியில்லாத ஒரு பெண்மணியிடம், "கதை என்ன ஆச்சு?" என்று கேட்க எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.

இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. ஸுஸுயே மியூச்சி என்ற பெண்மணி 1976-இல் தொடங்கிய "கண்ணாடி முகமூடி" என்ற கதையில், மாயா என்ற ஏழைப் பெண்ணும் அயூமி என்ற நட்சத்திரத்தின் மகளும் ஒரே நாடக வேஷத்துக்குப் போட்டியிடுகிறார்கள். அந்த வேஷம் யாருக்கு என்பதுதான் கதை. 2012-இல் 49-ஆம் தொகுதி வெளிவந்தபோதும் அது முடிவாகவில்லை. அம்மா படித்து, பெண் படித்து, பேத்தி கைக்கு வந்துவிட்டது. கதைக்குள்ளே சில வருஷங்கள்தான் கழிந்திருக்கின்றன; ஆரம்பத்தில் செல்போனே இல்லாத ஊரில் பிற்பாடு எல்லார் கையிலும் செல்போன் முளைத்துவிட்டது! வாசகிகள் அதைக் கேலி செய்துகொண்டே காத்திருக்கிறார்கள்.

"ஹன்டர் ஹன்டர்" எழுதும் யொஷிஹிரோ டோகாஷி ("ஸெய்லர் மூன்" எழுதிய நவோகோ டக்கேயுச்சியின் கணவர்) முதுகுவலியால் இரண்டு வருஷம் நாற்காலியில் உட்காரவே முடியாமல் இருந்தவர். 2018 நவம்பரில் நின்ற கதை 2022 அக்டோபரில்தான் திரும்பியது. தான் இறந்துபோனால் இதுதான் முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று 2023-இல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒரு முடிவைச் சொல்லியே விட்டார். உயில் எழுதுவதில் இது ஒரு புது தினுசு.

எல்லாவற்றிலும் என் மனசைத் தொட்டது கெண்டாரோ மியூராவின் விஷயம். அவருடைய "பெர்ஸர்க்" 1989-இல் ஆரம்பித்தது. நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடிய கதையல்ல அது. ரத்தமும் கோரமும் ஏராளம். ஆனால் அந்தச் சித்திரங்களின் நுணுக்கத்தைப் பார்த்தால் ஒரு மனிதர் கண்ணைத் தேய்த்து வரைந்தது தெரியும். 2021 மே 6-ஆம் தேதி, 54-ஆம் வயதில், இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து அவர் காலமாகிவிட்டார். கதை பாதியில் நின்றது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குக் கோஜி மோரி என்று ஒரு சிநேகிதர். அவரும் சித்திரக் கதைக்காரர். சுமார் முப்பது வருஷத்துக்கு முன் மியூரா அவரிடம் கதை முழுவதையும் கடைசிவரை சொல்லியிருந்தாராம். 2022 ஜூனில் மியூராவின் உதவியாளர்கள் வரைய, மோரி மேற்பார்வை பார்க்க, கதை மறுபடி புறப்பட்டது. மோரி வாசகர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: மியூரா தன்னிடம் சொன்னதை மட்டுமே எழுதுவேன், சரியாக நினைவில்லாததை இட்டுக்கட்டி நிரப்ப மாட்டேன்.

"நம்ம கல்கி போனப்போ 'அமரதாரா'வை அவர் பொண்ணு ஆனந்திதானே முடிச்சா" என்று அம்மா நினைவுபடுத்தினாள். வாஸ்தவம்தான்.

அன்று ராத்திரி குழந்தை பாயில் படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "சித்தி, நீகூட ஒரு தொடர்கதை எழுதினயே. நீ யாரையாவது மறந்திருக்கியா?"

மத்தியானம் நான் வாயடைத்துப் போனதன் காரணம் அதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன், வேறொரு பத்திரிகையில், நான் ஒரு தொடர்கதை எழுதினேன். 30 வாரம் என்று பேச்சு. 18-ஆம் வாரத்தில், தீபாவளி மலரில் புதுத் தொடர் ஆரம்பிக்க வேண்டியிருப்பதால் 24-இல் முடித்துவிடு என்று உத்தரவாயிற்று. முடித்தேன். அதில் சரசு என்று ஒருத்தி. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் தையற்காரி. ஆறாம் அத்தியாயத்தில், கதாநாயகிக்கு நர்ஸிங் படிப்புக்குப் பணம் கட்டவேண்டிய கடைசி நாள். சரசு தன் தையல் மெஷினை அடகுக் கடையில் வைத்து 8,000 ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறாள். "நீ படி. மெஷின் எங்கேயும் ஓடிப்போகாது" என்கிறாள். அந்த வாரம் எனக்கு நல்ல பேர். கதாநாயகி படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், காதலித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். மெஷின்?

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மாளின் கார்டு வந்தது, 12-ஆம் வாரத்திலோ என்னவோ. "சரசு மெஷினை மீட்டாளா? அடகுக் கடையில் தையல் மெஷினை எடுத்துக்கொள்வார்களா என்று இங்கே பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்வார்கள். நான் இரண்டு தடவை வைத்திருக்கிறேன்." வரும் வாரங்களில் எழுதிவிடலாம் என்று மேஜை டிராயரில் போட்டேன்.

கதை முடிந்தபின் இரண்டாவது கார்டு. "கல்யாணம் நன்றாக நடந்தது. சந்தோஷம். ஆனால் சரசுவை அழைக்கவில்லையே? கல்யாண ஜாக்கெட்டை யார் தைத்தார்கள்?"

அதற்கும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

மூன்றாவது, நாலு மாதம் கழித்து வந்த கடிதம். கையெழுத்து வேறு. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எழுதக்கூடாது என்கிறார் டாக்டர். அந்த மெஷின் விஷயம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு எழுதச் சொல்கிறாள். தினம் கேட்கிறாள். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

வேலை மாறி வந்தபோது அந்த மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தேன். எறிய மனசு வரவில்லை. பதில் எழுதத் தைரியமும் வரவில்லை. அன்றாடம் ஆபீஸில் மற்றவர்களின் தொடர்கதைகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, "பாத்திரங்களைப் பற்றிய கேள்விகள்" என்று தனியாக அடுக்கிவைப்பது என் வேலைகளில் ஒன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டியதுதான்.

இருட்டில் இதையெல்லாம் குழந்தையிடம் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"இப்ப எழுதேன்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்து எழுதினேன். அருமையாக வந்தது! கதாநாயகி முதல் சம்பளம் வாங்கின அன்றே நேரே அடகுக் கடைக்குப் போய் மெஷினை மீட்டு, பூச்சரம் சுற்றி, ஆட்டோவில் கொண்டுவந்து சரசு வாசலில் இறக்கினாள் என்று. படித்துக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்படி நடந்திருந்தா கதையிலேயே வந்திருக்குமே! இது இப்ப நீ இட்டுக்கட்டினது. அந்த மாமிக்குத் தெரிஞ்சுடும்."

தெரிந்துவிடும்தான். இரண்டு தடவை மெஷினை அடகு வைத்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கிழித்துப் போட்டேன். புதுக் காகிதம் எடுத்து, முதல் வரியிலேயே, "நான் சரசுவை மறந்துவிட்டேன்" என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணிற்று. டோரியாமா 2024 மார்ச் முதல் தேதி, 68-ஆம் வயதில் காலமானார். அந்த ஒரு வார்த்தையை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏழு வருஷம் பிடித்தது.

அப்புறம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் யோசித்தேன். கதாநாயகியை எனக்குத் தெரியும். நல்லவள், ஆனால் தன் சந்தோஷத்தில் மூழ்கிப் போகிறவள். அவள் மீட்டிருக்க மாட்டாள். சரசுவையும் தெரியும். யாரையும் எதிர்பார்த்துக் கொண்டு உட்காருகிறவள் அல்ல. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் 8,000-க்கு மாதம் 160. கடைத்தெருவில் வேறொருவர் கடையில், வேறொருவர் மெஷினில், நாள் கூலிக்குத் தைத்தாள். ஆனி மாதம் வைத்ததைத் தை மாதம் தானே மீட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தால் ஊசி துருப்பிடித்திருந்தது. புது ஊசி போட்டு, எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியில் தையல் விட்டுப் பார்த்தாள். ஓடிற்று. இப்படி எழுதினேன்.

குழந்தை இரண்டு முறை படித்தாள். "இது சரி" என்றாள்.

மடித்துக் கவரில் போட்டு ஒட்டி, கார்டிலிருந்த விலாசத்தை எழுதினேன். ஏழு வருஷத்தில் அந்த அம்மாள் அங்கேயே இருக்கிறாளோ, கண் எப்படி இருக்கிறதோ, தெரியாது. அனுப்புகிறவர் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடித் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

"ஏண்டி, அந்தக் கல்யாண ஜாக்கெட்டை யார் தைச்சான்னு எழுதினயோ?"

திரும்பி வந்து கவரைப் பிரித்தேன்.